தோட்டக்காரருக்கு எதற்குச் சங்கம்?

வணக்கம். 1345ஆம் ஆண்டு லண்டனில் தோட்டக்காரர்கள் சேர்ந்து மேயரிடம் ஒரு மனு கொடுத்தார்கள். செயின்ட் பால் தேவாலயத்தின் மதில் வாசலருகே நின்று காய்கறியும் பழமும் விற்பது அவர்களுடைய பழைய வழக்கம். அதற்குத் தடை வந்தது. இவர்கள் போடும் கூச்சலில் பக்கத்திலிருந்த செயின்ட் ஆஸ்டின் தேவாலயத்தில் பூசை செய்யும் பாதிரிமாருக்கு இடைஞ்சலாம்! மனு கொடுத்தும் அந்த இடம் கிடைக்கவில்லை. ஆனால் சற்றுத் தள்ளி வேறோர் இடம் ஒதுக்கினார்கள். தனி ஆளாகப் போயிருந்தால் அதுகூடக் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

நம் தொழிலில் பெரும்பாலும் ஒற்றை ஆள்தான். சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்த்துக் கேட்கப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள், செடிதான் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ரோஜாவுக்குக் கிளை வெட்டிக் கவாத்து செய்யும்போது விரலில் முள் குத்தியது. தினமும் நடப்பதுதானே என்று விட்டுவிட்டேன். இரண்டு மூன்று வாரத்தில் அந்த இடத்தில் வலியில்லாத சின்னக் கட்டி வந்தது. அப்புறம் முன்கையில் ஒன்று, அதற்கு மேலே இன்னொன்று, மணி கோத்த மாதிரி. தடவிய களிம்பு எதுவும் கேட்கவில்லை. சங்கக் கூட்டத்தில் என் கையைப் பார்த்த ஒரு பெரியவர் எடுத்த எடுப்பில், “ரோஜா முள்ளா?” என்றார். ஸ்போரோட்ரைக்கோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று அது. மண்ணிலும் மட்கிய செடியிலும் இருக்கும், கீறல் வழியாக உள்ளே போகும். “டாக்டரிடம் முதலில் உன் தொழிலைச் சொல்லுப்பா” என்றார். சொன்னேன். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக் குணமானது.

கூலி விஷயமும் இப்படித்தான். “களை பிடுங்க இவ்வளவா?” என்று கேட்டால் நாம் உடனே குறைத்துவிடுகிறோம். போய்வரும் நேரம், கத்தரி சாணை பிடிப்பது, வெட்டிய கிளைகளை அப்புறப்படுத்துவது எதுவும் கணக்கில் வருவதில்லை. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஒரு விகிதம் எழுதிவைத்தால் தயங்காமல் சொல்லலாம். வேலையின்போது வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தாலும் சமாளிக்கக் குழுக் காப்பீடு எடுக்கலாம்.

முதுமை வேறு இருக்கிறது. முதலாளி கொடுத்த வீட்டில் குடியிருந்த தோட்டக்காரருக்கு முழங்கால் போனால் வேலையோடு வீடும் போகும். வயதான, ஏழைத் தோட்டக்காரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் உதவ 1839இல் இங்கிலாந்தில் தொடங்கிய அமைப்பு, இன்று பெரெனியல் என்ற பெயரில் நடக்கிறது.

அதற்காக எல்லாச் சங்கமும் ஒன்றல்ல. சந்தா கட்டும்முன் ஒரு கேள்வி கேளுங்கள்: வேலை இல்லாத மாதங்களில் போன வருடம் யாருக்கு என்ன செய்தீர்கள்? நான் கேட்டபோது ஓரிடத்தில் ஆண்டுவிழா போட்டோக்களை எடுத்துக் காட்டினார்கள்.