மடிந்த மூலை
(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு மகள் வீட்டுக்கு டோக்கியோ போயிருந்தேன். பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற ஜிம்போச்சோவைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒன்பது வயதுப் பேரன் வழிகாட்டியாக வந்தான். அங்கிருந்து வடக்கே சூயிதோபாஷி பக்கம் நடந்தால் டோக்கியோ டோம் பேஸ்பால் அரங்கம். புத்தகக் கடைகளில் இரண்டு மணி நேரம் பொறுமையாக நின்றதற்குக் கூலியாக, "தாத்தா, ஒரே ஒரு அட்டைக் கடை" என்றான். குறுகிய படிக்கட்டில் ஏறிப் போனோம். உங்களிடம் நான் பேச வந்தது ஜிம்போச்சோவைப் பற்றி அல்ல, அந்த மாடிக் கடையைப் பற்றி.

நம் வீட்டுக் கூடத்தில் பாதிகூட இருக்காது. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, தரையில் வரிசையாகக் காகிதப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் விளையாட்டு வீரரின் படம் அச்சிட்ட உள்ளங்கை அளவு அட்டைகள் நூற்றுக்கணக்கில் நெருக்கி நின்றன. எழுபதைத் தாண்டிய கடைக்காரர் ஓர் அட்டையை ஒளி ஊடுருவும் உறைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார். விரல் நுனி அட்டையின் விளிம்பை மட்டும் தொட்டது, முகத்தைத் தொடவில்லை. ஓலைச்சுவடியைப் பிரிப்பவர்களிடம் நான் கண்டிருக்கும் கவனம் அது.

பேரன் இன்றைய பேஸ்பால் நட்சத்திரம் ஒஹ்தானியின் படத்தைத் தேடினான். கிடைத்த படத்தின் விலை அவன் சேமிப்புக்கு எட்டவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பெரியவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே இருந்தவை வேறு சாதி அட்டைகள். தடிமனானவை, சில வட்டம், சில நீள்சதுரம். சிவப்பும் மஞ்சளும் கோட்டைத் தாண்டி வழிந்திருக்க, ஆட்டக்காரரின் கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. ஏறக்குறைய எல்லாவற்றிலும் மூலை மடிந்திருந்தது.

"மென்கோ" என்றார்.

மென்கோ சிறுவர் விளையாட்டு. ஒருவன் தன் அட்டையைத் தரையில் வைப்பான். மற்றவன் தன் அட்டையை ஓங்கி அதன் பக்கத்தில் அறைவான். அறைந்த காற்றில் கீழே இருப்பது புரண்டுவிட்டால் அது அவனுக்குச் சொந்தம். நம் ஊரில் சிகரெட் அட்டைகளைச் சேர்த்துவைத்து விளையாடியவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பல மென்கோக்களின் பின்பக்கத்தில் கல், கத்தரிக்கோல், காகிதம் ஆகிய மூன்றில் ஒன்று அச்சாகியிருக்கும். அதை வைத்து வேறோர் ஆட்டம் ஆடலாம். அட்டையின் முகத்தில் சுமோ மல்லர் வருவார், சாமுராய் வருவார், போர்க்காலத்தில் விமானமும் வந்தது. 1945இல் போரால் நின்றுபோன தொழில்முறை பேஸ்பால் அடுத்த ஆண்டே மீண்டும் தொடங்கியது. அதன்பின் பேஸ்பால் வீரர்கள் மென்கோவில் நிறைந்துவிட்டார்கள். தோற்று, எரிந்து, பசித்துக் கிடந்த ஒரு நாட்டின் பிள்ளைகள் கையில் வண்ணமாக இருந்த சில பொருள்களில் இதுவும் ஒன்று. அதை நினைத்துக்கொண்டுதான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன்.

பெரியவர் ஓர் அட்டையை எடுத்துப் பேரனிடம் நீட்டி, பெயரைப் படிக்கச் சொன்னார். மூன்று கிடைக்கோடு, நடுவே ஒரு நெடுங்கோடு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தடுமாறாமல் படித்தான்: "ஓ". அரசன் என்று பொருள். சதஹாரு ஓ. உலகத் தொழில்முறை பேஸ்பாலில், பந்தை எல்லைக்கு அப்பால் தூக்கி அடிக்கும் ஹோம் ரன்னை 868 முறை அடித்தவர், இன்றுவரை அந்த எண்ணை யாரும் தாண்டவில்லை. தந்தை சீனர், தாய் ஜப்பானியர். பள்ளி அணிக்குப் பந்துவீசி 1957இல் கோஷியென் என்ற தேசியப் பள்ளி பேஸ்பாலின் வசந்தகாலப் போட்டியை வென்று கொடுத்த பிள்ளையை, அதே ஆண்டு தேசிய விளையாட்டு விழாவில் ஆட விடவில்லை. காரணம், அவர் ஜப்பானியக் குடிமகன் அல்ல. இருபது ஆண்டு கழித்து, 1977 செப்டம்பர் 3 அன்று, இன்றைய டோமின் அருகே அப்போதிருந்த கொராக்குவேன் அரங்கில் 756ஆவது ஹோம் ரன்னை அடித்து அமெரிக்காவின் ஹேங்க் ஆரனைத் தாண்டினார். ஜப்பான் அரசு அந்த ஆண்டுதான் மக்கள் கௌரவ விருதை ஏற்படுத்தியது. அதை முதலில் பெற்றவர் இவர்.

அதற்குப் பிறகு கடைக்காரப் பெரியவர் சொன்னதுதான் என்னை அங்கிருந்த முக்காலியில் உட்காரவைத்தது. "கால்களைப் பார்" என்று பேரனிடம் சொன்னார். படத்தில் ஓ மட்டையை உயர்த்தி நிற்கிறார், இரண்டு பாதமும் தரையில் இருக்கின்றன. ஓவை உலகம் அறிந்தது ஒற்றைக்காலில். பந்து வரும்போது முன்காலை மடித்துத் தூக்கி, கொக்கைப் போல நின்று அடிப்பார். பயிற்சியாளர் அரகாவாவிடம் பழகி, அந்த நிலையை ஆட்டத்தில் அவர் முதலில் எடுத்தது 1962 ஜூலை 1ஆம் தேதி. ஆகவே இந்தப் படம் பெரும்பாலும் அதற்கு முந்தையது என்றார் பெரியவர். அட்டையில் ஆண்டு அச்சாகவில்லை, அச்சகத்தின் பெயரும் இல்லை. ஒரு மனிதரின் கால் நின்ற விதத்தை வைத்துக் காகிதத்துக்கு வயது சொல்கிறார்! கல்வெட்டில் எழுத்தின் வளைவைப் பார்த்து நூற்றாண்டைச் சொல்லும் அறிஞர்களை நாம் போற்றுகிறோம். அதே படிப்பை அந்த மாடிக் கடையில் கண்டேன். அதைச் சொல்லவே இன்று மேடையேறினேன்.

எறிந்துவிடுவதற்கென்றே அச்சிடப்படும் காகிதத்தை யாராவது ஒருவர் படித்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் அப்படி ஒருவர் இருந்தார், ஜெஃபர்சன் பர்டிக். சிரக்யூஸ் நகரத்துத் தொழிலாளி, பெருஞ்செல்வர் அல்ல. சிகரெட் பெட்டியிலும் மிட்டாய்ப் பொட்டலத்திலும் வந்த அட்டைகளைச் சேர்த்து, வகை பிரித்து, எண் கொடுத்து ஒரு பட்டியல் நூலே தயாரித்தார். 1909 முதல் 1911 வரை சிகரெட்டோடு வந்த பேஸ்பால் அட்டைத் தொகுதியை இன்றும் உலகம் டி206 என்று அழைப்பது அவர் இட்ட பெயரால். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப் பொருள்களை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். அவற்றில் பேஸ்பால் அட்டைகள் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். கொடுத்ததோடு நிற்கவில்லை. மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிய நிலையிலும் அருங்காட்சியகத்துக்கே போய் உட்கார்ந்து ஆல்பங்களில் ஒவ்வொன்றாக ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் மறைந்தார். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்துக்கொண்டே தமிழ் அச்சு உலகைச் சேர்த்து வைத்த ரோஜா முத்தையாவின் வீட்டைப் பற்றி அறிந்தவர்களுக்குப் பர்டிக் அந்நியர் அல்லர்.

விலையைப் பற்றியும் கேட்பீர்கள். 1952இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே தொகுதியில் விற்காமல் தேங்கியவற்றைப் பின்னாளில் கடலில் கொட்டியதாக அதை உருவாக்கிய சை பெர்கரே சொல்லியிருக்கிறார். எனக்கு ஏலத்தைவிடக் கடல்தான் மனத்தில் நிற்கிறது. ஜப்பானிலும் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்திருக்கிறது. 1971இல் கால்பி நிறுவனம் முகமூடி வீரன் ஒருவனின் அட்டையைத் தின்பண்டத்தோடு கொடுத்தபோது, பிள்ளைகள் அட்டையை எடுத்துக்கொண்டு பண்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். அது நாடு பேசிய பிரச்சினையானது. 1973இல் அதே நிறுவனம் பேஸ்பால் அட்டையைத் தொடங்கியது. முதல் எண் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஷிகேஓ நகஷிமாவுக்கு. அந்த வரிசை இன்றும் வருகிறது.

மீண்டும் கடைக்கு வருகிறேன். ஓவின் அட்டையை நான் வாங்கவில்லை. தகரப்பெட்டியின் அடியில் ஒரு கேட்சர், அதாவது வீசிய பந்தைப் பிடிப்பவர், படமாக இருந்தார். முகக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார், வயது இருபது இருக்கலாம். சட்டையைப் பார்த்ததும் பெரியவர், "கொக்குதெட்சு ஸ்வாலோஸ்" என்றார். தேசிய ரயில்வேயின் பெயரில் 1950இல் தோன்றிய அணி அது. ஸ்வாலோ என்ற அந்தக் குருவியும் 'ட்சுபாமே' என்ற விரைவு ரயிலின் பெயரிலிருந்து வந்தது. கொரியப் பெற்றோருக்குப் பிறந்த பந்துவீச்சாளர் மசாஇச்சி கனேதா தம் 400 வெற்றிகளில் 353ஐ அந்த அணிக்காகவே பெற்றார். நகஷிமாவின் முதல் ஆட்டத்தில், 1958 ஏப்ரல் 5 அன்று, அவரை நான்கு முறை ஆட்டமிழக்கச் செய்ததும் அந்தக் கைதான். அவர் வீசிய பந்துகளைப் பிடித்தவர்களில் இந்த இளைஞரும் ஒருவராக இருந்திருப்பாரோ? பெரியவர் பெயரைப் படித்தார், சற்று யோசித்தார், சில ஆண்டுகள்தான் ஆடினார் என்றார். நானூறு யென். உறை போடட்டுமா என்று கேட்டார், நான் வேண்டாம் என்றேன்.

வீட்டுக்குப் போனதும் பேரன் ஒரு முறை, ஒரே முறை, அறைந்து பார்க்கட்டுமா என்று கேட்டான். மரத்தரையில் அட்டையை அறைந்த சத்தம் அடுக்களை வரை கேட்டது. வலது மூலையில் இருக்கும் மெல்லிய மடிப்பு அவனுடையது. இடது மூலையில் ஆழமாக இருப்பது, ஏறக்குறைய எழுபது ஆண்டுக்கு முன் ஏதோ ஒரு தெருவில் ஏதோ ஒரு பையன் போட்டது.

அட்டையைக் கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன், ஒவ்வொருவரும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள். மூலையை மட்டும் நிமிர்த்திவிட வேண்டாம்.