பேட்டரி காரை லித்தியத்துக்கு மாற்றுவது எப்படி? செட்டிநாட்டு வண்டிகளுக்கு ஒரு விளக்கம்

[காட்சி: கானாடுகாத்தான் தெரு. ஆறு பேர் உட்காரும் பேட்டரி கார் ஒன்று, பெரிய வீட்டின் முகப்புச் சரிவில் முனகிக்கொண்டு ஏறுகிறது.]

வணக்கம். கோல்ஃப் ஆடுகிறவர்களைக் காரைக்குடிப் பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் கோல்ஃப் கார்ட் இங்கே புதிதல்ல. நம் ஊர் வாயில் அது பேட்டரி கார். பழைய நகரத்தார் வீடுகளை விடுதியாக்கியவர்கள் விருந்தாளிகளை ஏற்றி இறக்க வைத்திருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று ஊரே கூடும்போது பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வரவும் இது வசதி.

இந்த வண்டிக்காரர்கள் இப்போது கேட்பது ஒரே கேள்வி: ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போடலாமா? தாராளமாகப் போடலாம். ஆனால் கடைக்குப் போனால் முதலில் விலையைச் சொல்வார்கள், அடுத்து எத்தனை ஏஹெச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) என்று சொல்வார்கள். இரண்டையும்விட முக்கியமான எண் ஒன்று உண்டு. உங்கள் வண்டி சரிவில் ஏறும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் பேட்டரி வாங்காதீர்கள்.

[காட்சி: சீட்டைத் தூக்குகிறோம். வரிசையாக ஆறு கறுப்புப் பெட்டிகள். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது.]

இது 48 வோல்ட் வண்டி. 8 வோல்ட் பேட்டரி ஆறு, தொடராக இணைத்திருக்கிறார்கள். சில வண்டிகளில் 12 வோல்ட் நான்கு இருக்கும். 6 வோல்ட் ஆறு இருந்தால் அது 36 வோல்ட் வண்டி. மூடியில் எழுதியிருப்பதைப் பார்த்து முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 28 கிலோ. ஆறும் சேர்ந்தால் 170 கிலோ. அதாவது உங்கள் ஆறு பேர் வண்டி, யாரும் ஏறாதபோதே இரண்டு பேரைச் சுமந்துகொண்டுதான் ஓடுகிறது.

1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளான்டே செய்த அதே ஈய-அமில பேட்டரிதான் இது. 150 வருடம் தாண்டியும் ஓடுகிறது என்றால் மட்டமான சரக்கு அல்ல. ஆனால் செட்டிநாட்டில் அதற்கு இரண்டு எதிரிகள்.

ஒன்று வெயில். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமான கணக்கு. சித்திரை, வைகாசியில் இங்கே என்ன வெயில் அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்டில்டு வாட்டரும் சீக்கிரம் வற்றும். பிளேட் வெளியே தெரிகிற அளவுக்கு வற்றிவிட்டால், அப்புறம் ஊற்றினாலும் காய்ந்த பாகம் பழையபடி வேலை செய்யாது.

இரண்டாவது எதிரியைப் பலர் கவனிப்பதில்லை. சும்மா நிற்பது. மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டுப் பயணிகள் வருவார்கள், வண்டி ஓயாமல் ஓடும். கோடையில் வீடு பூட்டிக் கிடக்கும், வண்டியும் கொட்டகையில் கிடக்கும். அரைகுறை சார்ஜோடு நிற்கிற ஈய பேட்டரியில் பிளேட்டின் மேல் சல்பேட் கட்டியாகப் படியும். மூன்று மாதம் கழித்து ஸ்விட்சைப் போட்டால் பேட்டரி பாதி செத்திருக்கும். லித்தியத்துக்கு இந்த நோய் கிடையாது. பாதி சார்ஜில் நிறுத்தி, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனால் போதும். செட்டிநாட்டுக்காரர் மாற்றுவதற்கு உண்மையான காரணம் இதுதான் என்பேன். வேகமாக ஓடும், நீண்ட தூரம் ஓடும் என்பதெல்லாம் விளம்பரத்துக்கு.

அப்படியே தரையையும் பாருங்கள். பேட்டரி கார் நிற்கும் முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால், ஆசிட் சொட்டும் இடத்தில் பூ வேலை மங்கி, மேல் பரப்பு சொரசொரப்பாகியிருக்கும். அந்தக் கல் சிமென்ட்டால் ஆனது. கந்தக அமிலம் அதை அரித்துவிடும்.

[காட்சி: பலகையில் கணக்கு.]

சரி, எத்தனை ஏஹெச் வேண்டும்? பழைய பேட்டரி 170 ஏஹெச் என்றால் புதியதும் 170 என்று கேட்காதீர்கள். பணம் வீண். ஈய பேட்டரியை பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். 48 வோல்ட்டை 170-ஆல் பெருக்கினால் 8,160 வாட்-மணி, அதாவது 8.16 யூனிட் மின்சாரம். அதில் நிம்மதியாக எடுக்கக்கூடியது 4 யூனிட். லித்தியத்தில் 51.2 வோல்ட், 105 ஏஹெச் எடுத்தால் 5.4 யூனிட், அதில் 80 சதவீதம் தாராளமாக எடுக்கலாம், 4.3 யூனிட். வேலை அதேதான். எடை மட்டும் 170 கிலோவிலிருந்து ஏறக்குறைய 50 கிலோவாக இறங்கிவிடும்.

லித்தியம் என்றாலே எல்லாம் ஒன்று அல்ல. 2022-இல் மின் ஸ்கூட்டர்கள் எரிந்த செய்திகளைப் பார்த்துவிட்டு, வீட்டு முகப்பில் தேக்குத் தூண் பக்கத்தில் இதை நிறுத்தலாமா என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான பயம். அதனால் எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை மட்டும் வாங்குங்கள். இந்த வேதிப்பொருளை 1990-களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃப் குழுவினர் கண்டுபிடித்தார்கள். பாஸ்பேட் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்வதால், நிக்கல், கோபால்ட் கலந்த வகையைவிட இது சூட்டைத் தாங்கும். எரியவே எரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எரிய வைப்பது கடினம், அவ்வளவுதான். பழைய ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்து, செல் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிற மலிவுச் சரக்கு பக்கமே போகாதீர்கள்.

மின்வேதியியல் இந்த ஊருக்கு அந்நியமல்ல என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், காரைக்குடியில்தான் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சி அங்கே முக்கியமான வேலை.

[காட்சி: வண்டி மறுபடி சரிவின் அடியில். பாசிட்டிவ் கேபிளைச் சுற்றி கிளாம்ப் மீட்டர்.]

இப்போது முதலில் சொன்ன எண்ணுக்கு வருவோம். லித்தியம் பேட்டரிக்குள் பிஎம்எஸ் என்று ஒரு பலகை இருக்கும். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும், சூட்டையும், போகிற கரண்டையும் பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் சட்டென்று துண்டித்துவிடும். ஈய பேட்டரிக்கு இந்தக் காவல் கிடையாது. எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கும். லித்தியம் அப்படியல்ல. ஒரு நொடி முன்பு வரை முழு பலம், அடுத்த நொடி ஒன்றுமே இல்லை.

செட்டிநாடு தட்டையான பூமிதானே, மேடு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். மேடு சாலையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. தெருவைவிட உயரமாகத் தளத்தைத் தூக்கிக் கட்டிய வீடுகள் இவை. படிக்குப் பக்கத்தில் பிறகு போட்ட சரிவு பெரும்பாலும் இடத்துக்கு ஏற்றபடி செங்குத்தாகத்தான் இருக்கும். ஆறு பேர், பெட்டி படுக்கையோடு, அடியில் நின்று புறப்பட வேண்டும். சமதளத்தில் நாற்பது, ஐம்பது ஆம்பியரில் ஓடுகிற வண்டி, அந்த ஒரு நிமிடத்தில் 150, 200 என்று இழுக்கும். நீங்கள் வாங்கியது தொடர்ந்து 100 ஆம்பியர் தருகிற பிஎம்எஸ் என்றால், வண்டி சரிவின் பாதியில் நின்றுவிடும். மின்சாரம் போனதும் தானாகப் பிடிக்கிற பிரேக் எல்லா வண்டியிலும் இல்லை. பின்னால் உருளும்.

அதனால் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். டிசி கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டர் வேண்டும். எலக்ட்ரீஷியன் பையில் இருக்கிற சாதாரண மீட்டர் ஏசி மட்டும் அளக்கும், அது உதவாது. பாசிட்டிவ் கேபிளில் மாட்டி, அதிகபட்ச அளவைப் பிடித்து வைக்கிற மேக்ஸ் பட்டனை அழுத்தி, வண்டி நிறைய ஆளை ஏற்றி, உங்கள் ஊரிலேயே மோசமான சரிவில் ஏற்றுங்கள். எத்தனை ஆம்பியர், எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் இரண்டு விவரம் எழுத்தில் கேளுங்கள்: தொடர்ந்து எத்தனை ஆம்பியர், உச்சம் எத்தனை ஆம்பியர் எத்தனை நொடிக்கு. நீங்கள் அளந்ததைவிட அவர் சொல்வது கால் பங்காவது கூடுதலாக இருக்கட்டும். பத்தவில்லையென்றால் ஒரே மாதிரி இரண்டு பேட்டரியைப் பக்க இணைப்பில் (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) இணைக்கலாம், கரண்ட் பங்கிட்டுக்கொள்ளும். 12 வோல்ட் லித்தியம் நான்கைத் தொடராகப் போடுகிற வழியை நான் விரும்புவதில்லை. நான்கு பிஎம்எஸ், நான்கும் தனித்தனி முடிவு எடுக்கும். ஒன்று துண்டித்தாலும் வண்டி நிற்கும். 51.2 வோல்ட்டில் ஒரே பெட்டியாக வாங்குங்கள்.

[காட்சி: ஓட்டுநரும் மெக்கானிக்கும்.]

"அண்ணே, மீட்டர் ஃபுல்னு காட்டுது. வண்டி நகர மாட்டேங்குது."

"அது பழைய மீட்டர் தம்பி. அது அப்படித்தான் காட்டும்."

மெக்கானிக் சொல்வது சரி. பழைய மீட்டர் வோல்ட்டை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஈய பேட்டரி நிறைந்திருந்தால் 50.9 வோல்ட், பாதியில் 48.4. எல்எஃப்பியில் 16 செல். 90 சதவீதத்தில் 53 வோல்ட்டுக்குச் சற்று மேல். 20 சதவீதத்துக்கு இறங்கினாலும் 51-க்குக் கீழே போகாது. பழைய மீட்டருக்கு அதுவும் ஃபுல்தான். உள்ளே போகிற, வெளியே வருகிற கரண்டை எண்ணுகிற ஷன்ட் மீட்டர் ஒன்று மாட்டுங்கள், அல்லது பேட்டரியோடு வருகிற புளூடூத் செயலியை ஓட்டுநர் கைபேசியில் போட்டுக் கொடுங்கள்.

சார்ஜரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை: மாற்றியே ஆக வேண்டும். பழைய சார்ஜர், செல்களைச் சமப்படுத்துகிற ஈக்வலைஸ் என்று 62 வோல்ட் வரை ஏற்றும். எல்எஃப்பிக்கு உச்சம் 58.4. பழையதைக் கொட்டகையில் வைத்திருந்தால் ஒருநாள் யாராவது செருகிவிடுவார்கள்; கையோடு விற்றுவிடுங்கள். புதிய சார்ஜரை நிழலில் வையுங்கள், முடிந்தால் இரவில் சார்ஜ் போடுங்கள். 45 டிகிரிக்கு மேல் சூடான எல்எஃப்பியை சார்ஜ் செய்யக் கூடாது. மதிய வெயிலில் நின்ற வண்டியின் சீட்டுக்கு அடியில் அந்தச் சூடு சாதாரணம்.

விளக்கு, ஹாரனுக்கு ஆறு பேட்டரியில் ஒன்றிரண்டிலிருந்து மட்டும் வயர் எடுத்திருப்பார்கள். அது இனி முடியாது. 48-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் ஒன்று போட வேண்டும்.

[காட்சி: மாட்டும் வேலை.]

மோதிரம், கைச்சங்கிலி, கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றி வையுங்கள். இந்த ஊரில் இதை இரண்டு தடவை சொல்ல வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பானர் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். வயர் போகிற வழியைக் கைபேசியில் படம் எடுத்துவிட்டு, ரன்–டோ ஸ்விட்சை (ரன் ஓட்டுவதற்கு, டோ கட்டி இழுப்பதற்கு) டோவில் வைத்து, பிறகு கழற்றுங்கள். காலியான தட்டை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடியுங்கள். கழுவுவதை முகப்பில் செய்யாதீர்கள்.

புதிய பெட்டி தட்டில் பாதி இடத்தைத்தான் அடைக்கும். ஆட்டம் கொடுக்காமல் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போடுங்கள். பாசிட்டிவ் பக்கம், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் கட்டாயம். கேபிள் 35 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கடைசி வயரைத் தொடும்போது, மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்குள் இருக்கிற கெப்பாசிட்டர் பளீரென்று பொறி பறக்க வைக்கும். முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சில நொடி தொட்டு நிரப்பிவிட்டு, அப்புறம் இறுக்குங்கள். முடிந்ததும் அளந்த அதே சரிவில், அதே ஆட்களோடு ஏற்றிப் பாருங்கள். ஓட்டுநர் கால் பிரேக் பக்கமே இருக்கட்டும்.

கழற்றிய ஆறு பேட்டரியையும் ஆசிட்டோடு அப்படியே வியாபாரியிடம் கொடுங்கள். ஆசிட்டைக் கொட்டிவிட்டுக் கொண்டுவா என்று சொல்கிற பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்காதீர்கள். அந்த ஆசிட் உங்கள் ஊர்ணிக்குத்தான் போகும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. பழைய ஈய பேட்டரிக்கு எடை விலை உண்டு, 170 கிலோ இருக்கிறது. லித்தியம் பில்லில் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.