ஏஎம் வானொலி நிலையம் கை மாறும்போது விற்கப்படுவது என்ன?

[காட்சி: வயல்வெளி. நடுவில் சிவப்பும் வெள்ளையுமாக ஒற்றைக் கோபுரம். அடியில் வேலி, அதற்குள் ஓர் அறை அளவிலான கட்டடம்.]

இந்தக் கோபுரத்தைப் பாருங்கள். இதன் உச்சியில் ஏதோ ஓர் ஆன்டெனா இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அப்படி எதுவும் இல்லை. ஏஎம் ஒலிபரப்பில், அதாவது நாம் மத்திய அலை என்று சொல்லிப் பழகியதில், கோபுரம் முழுவதுமே ஆன்டெனாதான். பெரும்பாலான கோபுரங்கள் அடியில் ஒரு பீங்கான் தாங்கியின் மேல் நிற்கும். மேலிருந்து கீழ்வரை அந்த இரும்பில் மின்சாரம் ஓடுகிறது. சுற்றிலும் வேலி போட்டிருப்பது அதற்காகத்தான்.

[காட்சி: கேமரா மெல்லத் தரைக்கு இறங்குகிறது. மண்ணுக்குள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் பரவும் கம்பிகள், வரைபடமாக.]

ஆன்டெனாவின் மறுபாதி மண்ணுக்குள் இருக்கிறது. கோபுரத்தின் அடியிலிருந்து எல்லாத் திசைகளிலும் செம்புக் கம்பிகள், வழக்கமாக 120, புதைக்கப்பட்டிருக்கும். நிலையம் 1000 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அலைநீளம் 300 மீட்டர். அதில் கால் பங்கு 75 மீட்டர். கோபுரத்தின் உயரமும் ஒவ்வொரு கம்பியின் நீளமும் ஏறக்குறைய அந்த அளவில் இருக்கும். கூட்டிப் பார்த்தால் ஒரே கோபுரத்துக்கு 9 கிலோமீட்டர் செம்பு, நான்கு ஏக்கருக்கு மேல் நிலம். சில நிலையங்களுக்கு மூன்று, நான்கு கோபுரங்கள் வேண்டும்.

அமெரிக்காவில் நொடித்துப்போன ஓர் ஏஎம் நிலையம் விலைக்கு வந்தால் வாங்குபவர் முதலில் கணக்குப் பார்ப்பது பல சமயம் இந்த மண்ணைத்தான். அதனால்தான் மண்ணிலிருந்து தொடங்கினேன்.

முதலில், ஏன் நொடித்துப்போகிறது? 1920 நவம்பர் 2 அன்று பிட்ஸ்பர்க் நகரின் கேடிகேஏ நிலையம் அதிபர் தேர்தல் முடிவுகளை அறிவித்ததிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் அந்நாட்டில் வானொலி என்றாலே ஏஎம்தான். 1970களின் இறுதியில் பண்பலை அதை முந்தியது. இசை பண்பலைக்குப் போனது. பேச்சும் செய்தியும் விளையாட்டும் ஏஎம்மில் தங்கின. பிறகு உள்ளூர்க் கடைகளின் விளம்பரப் பணம் இணையத்துக்குப் போனது. மின்சாரக் கார்களின் மோட்டார் எழுப்பும் மின் இரைச்சல் ஏஎம் அலைகளைக் கெடுக்கிறது என்று சொல்லிச் சில கார் நிறுவனங்கள் ஏஎம் வசதியையே எடுத்துவிட்டன. புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏஎம் கட்டாயம் என்று சட்டம் கொண்டுவர 2023இல் இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து மசோதா கொண்டுவரும் அளவுக்கு நிலைமை போனது.

இயற்கையும் சிறு நிலையங்களுக்குச் சாதகமாக இல்லை. பகலில் வளிமண்டலத்தின் மேலே உள்ள ஓர் அடுக்கு, மேல்நோக்கிப் போகும் ஏஎம் அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அதற்கும் மேலே உள்ள அடுக்கு அலைகளை நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் திருப்பி அனுப்பும். 50,000 வாட் பெரிய நிலையத்துக்கு அது வரம். அதே அலைவரிசையில் இருக்கும் சிறிய நிலையமோ, பெரியதற்கு இடைஞ்சல் கூடாது என்பதற்காக இரவில் திறனைச் சில வாட்டுகளுக்குக் குறைக்க வேண்டும், அல்லது அணைத்துவிட வேண்டும். பள்ளிக்கூடக் கால்பந்தாட்டம் வெள்ளிக்கிழமை இரவில்தான் நடக்கும். ஊரே கேட்க விரும்பும் அந்த நேரத்தில் ஊர் வானொலிக்குக் குரல் இருக்காது.

[காட்சி: மேசைமேல் ஒப்பந்தக் காகிதங்கள்.]

சரி, உரிமையாளர் விற்க முடிவு செய்துவிட்டார். அவர் கையில் விற்பதற்கு என்ன இருக்கிறது?

ஒலிபரப்பி, கணினிகள், மைக்குகள். பழையவை; பெரிய விலை போகாது. அடுத்தது உரிமம். இங்கேதான் ஒரு நுணுக்கம். அலைவரிசை யாருக்கும் சொந்தம் இல்லை. 1934ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம் அதை வெளிப்படையாகவே சொல்கிறது: அலைவரிசையைப் பயன்படுத்தலாம், உடைமை கொள்ள முடியாது. எஃப்சிசி என்னும் மத்திய தகவல் தொடர்பு ஆணையம் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்கிறது. ஆனால் நடைமுறையில், ஆணையத்தின் சம்மதத்தோடு உரிமம் பணத்துக்குக் கை மாறுகிறது. நிலையம் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும், உரிமத்துக்கும் கோபுரத்துக்கும் மட்டும் ஒரு விலை உண்டு. வானொலித் தொழிலில் அதை ‘ஸ்டிக் வேல்யூ’ என்பார்கள்; கம்பத்தின் விலை. அந்த விலை ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டே வருகிறது.

மூன்றாவதாக நிலம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஏஎம் நிலையங்களில் இறந்த யானைக்குத்தான் பல சமயம் விலை அதிகம். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் பெதெஸ்தாவில், பல ஆண்டுகள் டபிள்யூஎம்ஏஎல் என்ற பெயரில் ஒலித்த 630 கிலோஹெர்ட்ஸ் நிலையத்துக்கு 75 ஏக்கரில் நான்கு கோபுரங்கள் இருந்தன. கட்டியபோது சுற்றிலும் வெற்று நிலம். நகரம் வளர்ந்து கோபுரங்களைச் சூழ்ந்தது. நிலம் ஏறத்தாழ 7.4 கோடி டாலருக்கு வீடு கட்டும் நிறுவனத்திடம் போனது. 2020 நவம்பரில் நான்கு கோபுரங்களும் சாய்க்கப்பட்டன. அந்த நிலையம் வேறொரு நிலையத்தின் கோபுரங்களில் இடம்பிடித்துத் தப்பியது. சிற்றூர் நிலையங்களுக்கு அப்படி ஒண்ட இடம் கிடைப்பது அரிது.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதன் உண்மையான பயன் இன்று பலருக்குத் தெரியாது. 2009 முதல் ஏஎம் நிலையங்கள் தங்கள் நிகழ்ச்சியை 250 வாட் வரையிலான சிறு பண்பலை மறு ஒலிபரப்பி வழியாகவும் தரலாம். கேட்பவர்களில் பலர் அந்தப் பண்பலை எண்ணைத்தான் அறிவார்கள். ஏஎம் வாலாகிவிட்டது. ஆனால் வாலை வெட்டிவிட முடியாது: ஏஎம் ஒலிபரப்பு அடியோடு நின்றுவிட்டால் பண்பலையும் நிற்க வேண்டும் என்பது விதி. அதனால், பண்பலைக்காக மட்டுமே ஏஎம் நிலையத்தை வாங்குவோரும் உண்டு.

வாங்குபவர்கள் யார்? பெரும்பாலும் செயற்கைக்கோள் வழியாக ஒரே நிகழ்ச்சியை நாடெங்கும் பரப்பும் மத அமைப்புகள். ஸ்பானிஷ், வியட்நாமிய, இந்தி மொழிகளில் நேரத்தை வாடகைக்கு விடுபவர்கள். இவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. புலம்பெயர்ந்தோருக்குத் தாய்மொழிக் குரலை முதலில் தந்தவை பல நகரங்களில் இப்படிக் கை மாறிய ஏஎம் நிலையங்கள்தான். சில ஊர்களில் அதே நிலையத்தில் வேலை பார்த்தவரே சேமிப்பைப் போட்டு வாங்கிவிடுகிறார். அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

இனிச் சட்டம். ஒப்பந்தம் கையெழுத்தானதும் எஃப்சிசியிடம் விண்ணப்பம் போகும். ஆணையம் பொது அறிவிப்பு வெளியிடும். அதிலிருந்து 30 நாட்களுக்குள் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். கேட்பவர்களும் கொடுக்கலாம். அந்த உரிமை தானாக வந்ததல்ல: மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரில், கறுப்பின மக்களைப் புறக்கணித்த ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு எதிராக நடந்த வழக்கில் 1966இல்தான் நீதிமன்றம் நேயர்களுக்கும் வழக்காடும் தகுதி உண்டு என்றது.

ஆனால் மனுவில் என்ன சொல்ல முடியும்? வாங்குபவர் சட்டப்படி தகுதியற்றவர் என்று காட்டலாம். “எங்கள் ஊர்ச் செய்தி நின்றுபோகும்” என்று மட்டும் சொன்னால் பயன் இல்லை. நிகழ்ச்சி வகையைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிடும் ஆணையத்தின் கொள்கை செல்லும் என்று 1981இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைவிடக் கடுமையானது சட்டத்தின் 310(டி) பிரிவு. இவருக்குப் பதில் வேறொருவர் வாங்கினால் ஊருக்கு நல்லது என்று ஆணையம் எண்ணிப் பார்க்கவே கூடாது என்கிறது அது. எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான். மக்களின் அலைவரிசை என்று சொல்லிவிட்டு, மக்களுக்கு யார் மேல் என்று கேட்பதையே தடுத்துவிட்டார்கள்.

ஆகவே ஊரார் எதையாவது காப்பாற்ற நினைத்தால், அது ஒப்பந்தத்துக்கு முன்பே நடக்க வேண்டும். லாப நோக்கற்ற ஓர் அமைப்பாகச் சேர்ந்து, உரிமையாளரிடம் போய், நாங்கள் வாங்குகிறோம் என்று சொல்ல வேண்டும். கோபுர நிலத்துக்கு நீண்டகாலக் குத்தகை எழுதி வாங்குவது மிக முக்கியம். உரிமத்தை மட்டும் வாங்கிவிட்டு நிலத்தை விட்டவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். நாளும் கடத்தக் கூடாது. தொடர்ந்து 12 மாதம் ஒலிபரப்பாமல் இருந்தால் உரிமம் தானாகவே காலாவதியாகிவிடும். அதன்பின் விற்கவோ வாங்கவோ எதுவும் இல்லை.

[காட்சி: வெள்ளம் சூழ்ந்த தெரு. கைவிளக்கின் ஒளியில் பேட்டரி வானொலி.]

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்பவர்கள் 2005இல் கத்ரீனா புயல் தாக்கிய நியூ ஆர்லியன்ஸை எண்ணிப் பார்க்கட்டும். டபிள்யூடபிள்யூஎல் 870 ஏஎம் ஒலித்துக்கொண்டே இருந்தது. 2024இல் ஹெலீன் புயலில் வட கரோலினாவின் ஆஷ்வில்லில் மின்சாரமும் கைபேசிச் சேவையும் போனபோது, எந்தச் சாலை திறந்திருக்கிறது, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று மக்களுக்குச் சொன்னவற்றில் 570 ஏஎம் நிலையமும் ஒன்று. அப்படிச் சொல்ல அந்தத் தெருக்களை அறிந்த ஒருவர் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தின் சொத்துப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது.

[காட்சி: ஒலிப்பதிவு அறை. சிவப்பு விளக்கு எரிகிறது.]

விண்ணப்பம் போன பிறகு, தன் விற்பனையை நிலையமே ஒலிபரப்பில் அறிவிக்க வேண்டும். நான்கு வாரங்களில் ஆறு முறை, காலை 7 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில். ஆண்டுக்கணக்காக ஊரின் பிறப்பையும் இறப்பையும் வாசித்த அதே குரல், இன்னார் இன்னாருக்கு உரிமத்தை மாற்ற விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று வாசிக்கும்.

உரிமம் பெற்ற ஊரின் அருகில் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தாக வேண்டும் என்ற விதியை 2017இல் எடுத்துவிட்டார்கள். மணிக்கொரு முறை நிலையத்தின் அடையாளமான அழைப்பெழுத்துகளையும் ஊர்ப் பெயரையும் சொல்ல வேண்டும் என்ற விதி இன்னும் இருக்கிறது. புதியவர் கைக்குப் போன பிறகு, எங்கோ தொலைவில் ஓடும் கணினி அந்த ஊரின் பெயரை மணிதோறும் உச்சரிக்கிறது.

[காட்சி: மாலை. கோபுர உச்சியில் சிவப்பு விளக்கு. கீழே கட்டடத்தில் யாரும் இல்லை.]