உருமி அடித்தால் விளக்கு ஏன் மங்குகிறது?

வணக்கம் நேயர்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கார்களுக்கு வயரிங் வேலை செய்கிறவன் நான். வானொலியில் பேச வாருங்கள் என்றதும் என்ன பேசுவது என்று கொஞ்சம் விழித்தேன். போன மாதம் கடைக்கு வந்த ஒரு பழைய புரோட்டோன் சாகா கார் கைகொடுத்தது.

ஓட்டி வந்தவர் தோட்டத்துத் தம்பி ஒருவர், உருமி மேளக் குழுவில் அடிக்கிறவர். “அண்ணே, பாட்டுல உருமி விழுந்தா ஹெட்லைட்டும் சேர்ந்து ஆடுது. ஆம்ப்ப மாத்திடலாமா?” என்றார். பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரைத்தான் ஆம்ப் என்கிறோம். “ஆம்ப்ப விடு தம்பி, முன்னால பொனட்டத் தொற” என்றேன்.

பேட்டரியிலிருந்து பென்சிலைவிட மெல்லிய சிவப்பு வயர் ஒன்று பின்னால் இருக்கும் ஆம்ப்புக்குக் கிளம்பி, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகரத் துளைக்குள் நுழைந்திருந்தது. ஃபியூஸ் இல்லை. துளையில் ரப்பர் வளையமும் இல்லை. தகர விளிம்பு உரசி உரசி வயரின் தோல் பாதி அறுந்து கிடந்தது. கத்தியால் லேசாகச் சுரண்டினேன். மேலே செம்பு, உள்ளே வெள்ளையாக அலுமினியம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஆம்ப் உண்மையாகவே 1000 வாட் என்று வையுங்கள். அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள், ஆர்எம்எஸ் எண்ணை, அதாவது ஆம்ப் தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்டைப் பாருங்கள். ‘டி’ வகை ஆம்ப் உள்ளே வாங்குவதில் 80 விழுக்காட்டைச் சத்தமாகக் கொடுக்கிறது என்றால், 1250 வாட் உள்ளே போக வேண்டும். 13.8 வோல்ட்டில் அது ஏறக்குறைய 90 ஆம்பியர். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்தே 8 ஆம்பியர்தான் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டரோ, சின்னக் கார்களில் பெரும்பாலும் 60, 70 ஆம்பியர் அளவு. வண்டி நின்றபடி ஓடும்போது அதுகூட வராது. பாட்டு எப்போதும் உச்சத்தில் இருப்பதில்லை, அதனால்தான் பிழைக்கிறோம். உருமி விழும் அந்தக் கணத்தில் குறைகிறதைப் பேட்டரி கொடுக்கிறது, விளக்கு மங்குகிறது.

வயர் மெலிந்தால் வோல்ட் வழியிலேயே போய்விடும். வயரின் பருமனைக் கேஜ் என்று சொல்வோம், எண் குறையக் குறைய வயர் பருமன். 5 மீட்டர் 8 கேஜ் செம்பு வயரில் 90 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 1 வோல்ட் காணாமல் போகும். 4 கேஜில் 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும். அலுமினியம் செம்பில் 60 விழுக்காடு அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும். அதைப் போடுவதென்றால் இன்னும் பருமனாகப் போட வேண்டும். இருபது வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் பார்க்கிற இடம் இதுவல்ல.

அப்புறம் ஃபியூஸ். இது ஆம்ப்பைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வயரைக் காப்பாற்ற. அறுந்த வயர் பாடியில் பட்டால் பேட்டரி ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வயரே அடுப்புக் கம்பி ஆகிவிடும். அதனால் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். பின்னால் ஆம்ப் பக்கத்தில் மட்டும் வைத்தால், நடுவில் ஓடும் வயருக்குக் காவல் ஏது? எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், என்னத்தைச் சொல்ல.

மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துச் சட்டென்று கொடுக்கும் கெப்பாசிட்டர் போட்டால் சரியாகிவிடுமா என்று தம்பி கேட்டார். 1 ஃபேரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது கொடுப்பது 26 ஜூல். இந்த ஆம்ப்புக்கு அது விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குத்தான் காணும். அதன் மேலே நீல விளக்கு எரிவது அழகுதான்.

கெப்பாசிட்டருக்குப் போகும் பணத்தில் 4 கேஜ் நல்ல செம்பு, 100 ஆம்பியர் ஃபியூஸ், துளைக்கு ரப்பர் வளையம் எல்லாம் முடிந்தது. எர்த் வயரை சீட் போல்ட்டில் முறுக்கி வைத்திருந்தார்கள். பெயிண்டைச் சுரண்டி, தகரம் பளபளக்கும் வரை தேய்த்து, தனி போல்ட்டில் இறுக்கினேன். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கும், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், எஞ்சினிலிருந்து பாடிக்கும் போகிற வயர்களையும் பருமனாக்கினேன். இந்த மூன்றைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

எஞ்சினை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஆம்ப் முனைகளில் வைத்து, அதே உருமிப் பாட்டைப் போடச் சொன்னேன். முன்பு 11.3-க்கு விழுந்த முள் இப்போது 12.9-க்குக் கீழே இறங்கவில்லை. ஹெட்லைட் அசையவில்லை. பக்கத்து டயர் கடைத் தவுக்கேதான், அதாவது சீன முதலாளிதான், காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.