"சொல்லி அனுப்பறோமுங்க"

(திருப்பூரில் சிறு பனியன் கம்பெனி நடத்துபவர்களும் சூப்பர்வைசர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)

அனைவருக்கும் வணக்கமுங்க.

நம்ம பக்கத்தில் யார் வாசலுக்கு வந்தாலும் முதல் வார்த்தை "வாங்க". அடுத்தது ஒரு சொம்புத் தண்ணீர். வேலை கேட்டு வந்தவரிடமும் அந்தப் பழக்கம் நம்மை விடாது. இந்த ஆள் சரிப்படமாட்டார் என்று உள்ளுக்குள் முடிவு செய்த பிறகும் முகத்துக்கு நேராக "இல்லீங்க" என்று சொல்ல நாக்கு எழாது. "சரிங்க, நம்பரை எழுதி வெச்சுட்டுப் போங்க, சொல்லி அனுப்பறோம்" என்று அனுப்பிவிடுவோம். இதை மரியாதை என்று நானும் பல வருஷம் நம்பியிருந்தேன். இப்போது நம்பவில்லை. சொல்லி அனுப்பப் போவதில்லை என்று தெரிந்தே சொல்லும் அந்த வார்த்தை, வந்தவருடைய நாட்களைத் தின்றுவிடுகிறது. அன்றைக்கே, காரணத்தோடு, உட்கார வைத்து "இல்லை" என்று சொல்வதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்த கையோடு கோவையில் ஒரு பம்பு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனேன். எங்கள் ஊர் கோபி பக்கம். விடியும் முன்னே பஸ் ஏறினேன். அங்கே ஒரு ஷாஃப்ட்டையும் மைக்ரோமீட்டரையும் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார்கள். பழகியவர்களுக்குத் தெரியும், அதில் திம்பிள் என்கிற சுழலும் உறையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அரை மில்லிமீட்டர் நகரும். திம்பிளில் இருக்கும் ஒவ்வொரு கோடும் 0.01 மில்லிமீட்டர். அடித்தண்டில் அரைக்கான கோடு தெரிந்தால் அந்த அரையைக் கூட்ட வேண்டும். நான் கூட்டாமல் படித்துவிட்டேன். ஷாஃப்ட்டில் அரை மில்லிமீட்டர் தப்பினால் பேரிங் ஏறாது. எதிரில் நின்ற ஃபோர்மேனுக்கு அந்த நொடியே தெரிந்திருக்கும். "சரி தம்பி, லெட்டர் போடறோம்" என்றார்.

வீட்டில் போன் கிடையாது. தபால்காரர் எங்கள் வீதிக்குள் திரும்பும்போதே அம்மா திண்ணையை விட்டு இறங்கிவிடுவார். இரண்டு மாதம் இப்படிப் போனது. நடுவில் ஈரோட்டில் ஒரு லேத் பட்டறையில் கூப்பிட்டார்கள். கோவையில்தான் கிடைக்கப் போகிறதே என்று நான் போகவில்லை. கோவை கம்பெனியில் அன்று சாயங்காலமே வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்பது பின்னால் தெரிந்தது. வேலை கிடைக்காதது எனக்கு இன்றைக்கு வருத்தமில்லை, எடுக்காதது நியாயம்தான். ஆனால் "அரையைக் கூட்டாம விட்டுட்டியே தம்பி" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தத் தப்பு அன்றோடு தீர்ந்திருக்கும். நான் எங்கே தவறினேன் என்று எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆனது.

சரி, நம் வேலைக்கு வருவோம். தகுதி போதாதவர்கள் இத்தனை பேர் ஏன் வருகிறார்கள்? பாதிக் காரணம் நம் கேட்டில் தொங்கும் பலகை. "டெய்லர்கள் தேவை" என்று மட்டும் எழுதி வைத்தால் ஊரில் தையல் தெரிந்த எல்லோரும் வரத்தான் செய்வார்கள். எந்த மெஷினுக்கு ஆள் வேண்டும், ஓவர்லாக்கா, பேட்லாக்கா, சிங்கரா, எத்தனை மாத அனுபவம், பீஸ் ரேட்டா ஷிஃப்ட் சம்பளமா என்று எழுதிவிட்டால் பலர் பஸ் காசை மிச்சப்படுத்துவார்கள்.

போன வருஷம் காங்கயம் பக்கமிருந்து ஓர் அக்கா வந்தார். மஞ்சப்பையில் தான் தைத்த இரண்டு ரவிக்கைகளை மடித்து எடுத்து வந்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். கை வளைவில் ஒரு சுருக்கம் இல்லை, ஓரத் தையல் அவ்வளவு நேர்த்தி. ஆனால் எங்களுக்கு வேண்டியது ஓவர்லாக் டெய்லர். துணி ஓரத்தைக் கத்தியால் வெட்டிக்கொண்டே தைக்கும் மோட்டார் மெஷின் அது. மெஷினில் உட்கார வைத்தோம். இருபது வருஷம் கால் மிதி மெஷினில் தைத்த கால் அது, பெடலை முழுதாக அழுத்திவிட்டது. துணி ஓடியது, கத்தி ஒரு விரல் அகலத்துக்குத் துணியைச் சாப்பிட்டுவிட்டது. அவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அந்த இடத்தில் என்ன சொல்வது? "உங்களுக்குத் தையல் தெரியலை" என்றால் அது பொய். "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றால் அதுவும் பொய். பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன்: "அக்கா, உங்க தையல் நல்லா இருக்குதுங்க. ஆனா இந்த வேலைக்கு மோட்டார் மெஷின் வேகம் கைக்கு வந்திருக்கணும். எங்களுக்கு நாளைக்கே லைன்ல உக்கார ஆள் வேணும். அதனால இந்தத் தடவை உங்களை எடுக்க முடியாதுங்க. பவர் மெஷின்ல பழகின பொறகு வந்தீங்கன்னா மறுபடியும் உக்கார வெச்சுப் பாக்கறேன்." அவர் முகம் வாடத்தான் செய்தது. எப்படிச் சொன்னாலும் அது வாடும். அதைத் தாங்க முடியாமல்தான் நாம் "சொல்லி அனுப்பறோம்" என்கிறோம். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல கத்தி எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். மூடியைத் திறந்து மேல் கத்தியையும் கீழ்க் கத்தியையும் காட்டினேன். குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இதில் நான் பார்த்துக்கொண்டது ஒன்றுதான். வேலைக்கு என்ன வேண்டும் என்று பேச வேண்டும், ஆளுக்கு என்ன இல்லை என்று பேசக்கூடாது. அப்புறம், காரணம் உண்மையாக இருக்க வேண்டும். "ஆள் எடுத்தாச்சுங்க" என்று சொல்லி அனுப்பினால், வெளியே போகும்போது அதே பலகையைப் படித்துக்கொண்டேதான் அவர் போவார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் கசப்பானது. வந்து உட்கார்ந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஊர் தம்பி? யார் வீட்டுப் பையன்?" பாசமாகத்தான் கேட்கிறோம் என்போம். அந்தக் கேள்விக்குள் வேறு எந்தக் கேள்வி இருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அதைக் கேட்டுவிட்டு, பிறகு "பேட்லாக் அனுபவம் போதலை" என்று உண்மையையே சொன்னாலும் அந்தப் பையன் நம்பமாட்டான். நம்பச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். அது போலத்தான் "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்பதும். ஆண், பெண் என்று பார்த்து வேலைக்கு எடுப்பதில் வித்தியாசம் காட்டக்கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது.

மே மாத லீவில் பள்ளிக்கூடப் பையன்கள் வருவார்கள். 14 வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைக்கவே கூடாது. இங்கே தயங்கிப் பேச எதுவுமில்லை. "படி கண்ணு, இங்க வேலை கிடையாது" என்று தெளிவாகச் சொல்லி, யாருடன் வந்தான் என்று விசாரித்து அனுப்புங்கள்.

சிபாரிசு வரும்போதுதான் நிறையப் பேர் தடுமாறுகிறோம். பங்காளி வீட்டிலிருந்து போன் வரும், மச்சான் சொல்லி அனுப்புவார். அவர்களுக்கு என் வழி இதுதான்: "வரச் சொல்லுங்க மாமா, எல்லாருக்கும் வெக்கற சோதனை வெக்கறேன்." பையன் தேறவில்லை என்றால் முதலில் பையனிடம் சொல்ல வேண்டும். பிறகுதான் மாமாவிடம். மாமாவிடம் "இந்த வேலைக்குப் பொருந்தலீங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவன் எதில் தவறினான் என்பது அவனுடையது. நாம் வாய்விட்டால் அது கல்யாண வீட்டுப் பந்தியில் பேச்சாகும், அந்தப் பையன் அங்கேதான் இலை போட்டு உட்கார்ந்திருப்பான்.

வடக்கிலிருந்து வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி வந்து திருப்பூரில் இறங்குகிறார்கள், ஒரே ஊர்க்காரர்கள் நாலைந்து பேராக. மூன்று பேருக்குத் தையல் தெரியும், இரண்டு பேருக்குத் தெரியாது. நம் சத்தியமங்கலத்துப் பையனை வேண்டாம் என்றால் பொழுதிறங்கும் முன் வீட்டுக்குப் போய்விடுவான். பீகாரிலிருந்து வந்தவன் எங்கே போவான்? அவனுக்கு "இல்லை" சொல்பவர் "இன்னிக்கு ராத்திரி எங்க தங்குவே?" என்றும் கேட்க வேண்டும். கூட வந்தவர்களின் அறையில் இரண்டு நாள் படுத்துக்கொள்ள விடுவதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. கம்பெனியில் இந்தி தெரிந்த தொழிலாளி ஒருவரை வைத்துக் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். கையை ஆட்டி "போ போ" என்பது எந்த மொழியிலும் புரியும், அதனால்தான் அது வேண்டாம் என்கிறேன்.

காகிதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயோடேட்டா, மார்க் ஷீட் நகல், ஆதார் நகல் எல்லாம் நம் டிராயரில் சேர்ந்துகொண்டே போகும். ஒருநாள் ஒரு கம்பெனியில் டீயோடு வந்த கணக்குச் சீட்டைத் திருப்பினேன். பின்பக்கம் ஒரு பெண்ணின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், கடன் வாங்கி ஜெராக்ஸ் எடுத்த காகிதமாக அது இருக்கலாம். எடுக்கவில்லை என்று சொல்லும்போதே கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் நான் இப்படிப் பதில் அனுப்புகிறேன்: "வணக்கம். கட்டிங் மாஸ்டர் வேலைக்கு விண்ணப்பித்ததற்கு நன்றி. இதற்குத் துணி விரித்து அளவு போட்டு வெட்டிய அனுபவம் இரண்டு வருஷமாவது வேண்டும். அதனால் உங்களை எடுக்க முடியவில்லை. நீங்கள் அனுப்பிய சான்றிதழ்களை அழித்துவிட்டோம்." ஒரு நிமிஷ வேலை.

கடைசியாக வாட்ச்மேன். நாம் உள்ளே எவ்வளவு பதமாகப் பேசினாலும் பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவது கேட்டில் நிற்கிற அவர்தான். அவருக்கு நாம் எதுவுமே சொல்லிக் கொடுப்பதில்லை, அதனால் "ஆள் வேண்டாம், போ" என்கிறார். எங்கள் கேட்டில் இருக்கும் அண்ணனிடம் உட்கார்ந்து பேசினேன். இன்றைக்கு எந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று காலையிலேயே ஒரு சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுகிறோம். நிழலில் ஒரு பெஞ்சு போட்டோம், பக்கத்தில் தண்ணீர்க் கேன். இப்போது அவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஓவர்லாக்குக்கு மட்டும்தாங்க பாக்கறாங்க. நீங்க செக்கிங்குங்களா? இப்ப இல்லீங்க. தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்கிறார்.