காட்ஃபிரீட் ரைஹேயின் டிரம்பெட்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. அறுபது வயதை எட்டிய ஒருவர். ஒரு கையில் சுருள் சுருளாக வளைத்த டிரம்பெட். மறு கையில் இசைக்குறிப்பு எழுதிய ஒரு தாள். ஓவியர் ஹவுஸ்மன் அந்தக் குறிப்பை வாசிக்கும் அளவுக்குத் தெளிவாகத் தீட்டிவிட்டார். ஒரு நிமிடம்கூட நீளாத அந்த மெட்டை டிரம்பெட் கலைஞர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். அதை முதன்முதலில் கேட்டபோது, சுரம் மாற்ற அழுத்தும் விசையான வால்வே இல்லாத கருவிக்காக எழுதியது என்று என்னால் நம்ப முடியவில்லை.

கையில் தாளோடு நிற்கும் அவர்தான் காட்ஃபிரீட் ரைஹே. 1667இல் வைசன்ஃபெல்ஸில் பிறந்து, இருபத்தோரு வயதில் லைப்சிக்குக்கு வந்தார். நகர மன்றத்தின் சம்பளத்தில் வாசிக்கும் கலைஞராகப் படிப்படியாக உயர்ந்து, 1719இல் அந்தக் குழுவின் மூத்தவரானார்.

அந்தக் காலத்து டிரம்பெட்டின் சங்கடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுமார் ஏழடி நீளமுள்ள வெறும் பித்தளைக் குழாய் அது. அழுத்துவதற்கு விசை கிடையாது, மூடித் திறக்கத் துளையும் கிடையாது. உதடும் மூச்சும் மட்டும்தான். கீழ்ப் பகுதியில் சுரங்கள் தள்ளித் தள்ளியே கிடைக்கும். அங்கே போர் முழக்கம் செய்யலாம், பாட்டு வாசிக்க முடியாது. உச்சத்துக்குப் போனால்தான் சுரங்கள் அடுத்தடுத்து வரும். அங்கும் ஒரு சிக்கல்: குழாய் இயல்பாகத் தரும் பதினோராவது சுரம் சுருதியில் நில்லாமல் இரண்டு சுரங்களுக்கு நடுவே தொங்கும். வாசிப்பவர் அதை உதட்டாலேயே ஏற்றியோ இறக்கியோ இடத்தில் உட்கார்த்த வேண்டும். மயிரிழை பிசகினாலும் கோவில் முழுக்கக் கேட்கும்.

1723இல் லைப்சிக்குக்கு வந்த இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக், இந்த உதட்டை நம்பித்தான் எழுதினார். 1730இல் நகர மன்றத்துக்கு அவர் எழுதிய மனுவில், நகரக் கலைஞர்களின் தரத்தைப் பற்றி உண்மையைச் சொல்லப் பணிவு தடுக்கிறது என்று மனக்கசப்பைக் கொட்டியிருக்கிறார். அதே மனுவின் பட்டியலில் முதல் டிரம்பெட்டுக்கு நேரே ரைஹேயின் பெயர். அந்த ஆண்டுகளில் பாக் எழுதிய டிரம்பெட் பகுதிகளைக் கேளுங்கள். கைவசம் ஒரு ரைஹே இல்லாமல் அப்படி எழுதத் துணிவு வந்திருக்காது என்பது என் எண்ணம்.

ரைஹே தாமே இசை எழுதியவரும்கூட. 1696இல் வெளியான அவருடைய இருபத்து நான்கு சிறு உருப்படிகள் டிரம்பெட்டுக்கானவை அல்ல. தோல் போர்த்திய, விரல் துளைகள் கொண்ட ஒரு மரக் குழலுக்கும் டிரம்போன் என்ற பித்தளை ஊதுகருவிகள் மூன்றுக்கும் எழுதியவை. நகரக் கலைஞர்கள் கோபுரத்தில் ஏறி நின்று ஊருக்கு வாசிப்பது அன்றாடக் கடமை. அதற்கான இசை இது. கீழே சந்தையில் நிற்பவர் காதுக்கும் எட்ட வேண்டுமே! அதனால்தான் இவற்றில் வளைவு நெளிவு குறைவு, நிமிர்வு அதிகம்.

1734 அக்டோபர் 5. லைப்சிக் அடங்கிய சாக்சனியின் ஆட்சியாளர் போலந்து மன்னராகத் தேர்வாகி ஓராண்டு நிறைந்த நாள். மன்னர் திடீரென்று லைப்சிக்குக்கு வந்துவிட்டதால், பாக் மூன்றே நாளில் இரட்டைப் பாடகர் குழுவோடும் மூன்று டிரம்பெட்டுகளோடும் ஒரு பெரிய படைப்பை எழுதி முடித்தார். இரவில் சந்தைச் சதுக்கத்தில், திறந்த வெளியில், வாசிப்பு. அறுநூறு மாணவர்கள் தீப்பந்தங்களோடு ஊர்வலம் வந்தார்கள். அறுபத்தேழு வயது ரைஹே அந்தப் புகையை இழுத்து இழுத்தே உச்ச சுரங்களை வாசித்தார்.

மறுநாள் வீட்டுக்குப் போகும் வழியில், நகரக் கலைஞர்கள் குடியிருந்த சந்திலேயே, வீட்டை நெருங்கும்போது பக்கவாதம் தாக்கி விழுந்து இறந்தார். முந்தைய இரவின் கடும் வாசிப்பும் பந்தப் புகையுமே காரணம் என்று அந்நகரத்து நாட்குறிப்பாளர் எழுதி வைத்தார்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு பாக், பைபிள் கதையைப் பாடல்களாகச் சொல்லும் தம் பெரிய படைப்பான கிறிஸ்துமஸ் ஒரட்டோரியோவை அரங்கேற்றினார். அதன் முதல் பகுதியில் ஆண் குரலோடு ஒரு டிரம்பெட் மேலே மேலே ஏறிச் செல்லும் பாடல் ஒன்று உண்டு. அது புதிதாக எழுதியதல்ல. முந்தைய டிசம்பரில் அரசியின் பிறந்தநாளுக்கு எழுதியதைத்தான் பாக் வேறு சொற்களோடு எடுத்துக்கொண்டார். அப்போது முதல் டிரம்பெட் இடத்தில் இருந்தவர் ரைஹே. இப்போது அதே சுரங்களை வேறொருவர் வாசித்தார்.