9 மணி நேர வேலைக்கு 3 நாள் கணக்கு காட்டிய டிஸ்க்

வணக்கம் மக்களே. போன வீடியோ முழுக்கப் பின்னால் ஒரு பீப் சத்தம், கமெண்டில் பாதிப் பேர் "அண்ணா, கேஸ் லீக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். கேஸ் இல்லை, லாஃப்டில் இருக்கிற நம்ம நாஸ்தான், அதாவது வீட்டு ஃபைல்களை எல்லாம் சேர்த்து வைக்கிற நெட்வொர்க் பெட்டி. இரண்டாவது டிஸ்க் போய்விட்டது. அடியோடு சாகவில்லை, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்கிற ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் 197ஆம் வரி, அதாவது படிக்க முடியாமல் நிற்கிற செக்டர்கள், திங்கட்கிழமை 8 இருந்தது, வியாழக்கிழமை 112. ரெய்டு 1, அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகல், என்பதால் இன்னொரு டிஸ்க்கில் எல்லாம் அப்படியே இருக்கிறது. மாற்றினால் முடிந்தது என்று கிளம்பினேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் 4 டிபி டிஸ்க் ஒரு கடையில் 11,200, நாலு கடை தள்ளி 9,800. 1,400 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்ட பெருமையில் வரும் வழியில் பிரியாணி வேறு. அந்தப் பிரியாணியை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மாட்டியதும் ரீபில்ட், அதாவது நல்ல டிஸ்க்கில் இருப்பதைப் புதியதில் நகலெடுக்கிற வேலை, நொடிக்கு 150 எம்பியில் ஓடியது, சரி என்று படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் 12 எம்பி! மீதி நேரம் 3 நாளுக்கு மேல் காட்டுகிறது. லாஃப்ட் சூடோ என்று டேபிள் ஃபேனை மேலே ஏற்றினேன், ஆஃப் செய்து டிரேயைக் கழற்றி மாட்டினேன், ஒன்றும் மாறவில்லை. எர்ரரும் இல்லை. கடைசியில் மாடல் எண்ணைத் தேடினால், எஸ்எம்ஆர் டிஸ்க்.

ஓட்டுக் கூரை மாதிரி அதில் ஒரு டிராக்கின், அதாவது டேட்டா எழுதுகிற வட்டத்தின், மேல் அடுத்த டிராக் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எழுத வேண்டும். முதலில் ஒரு தனி இடத்தில் வேகமாக வாங்கி வைத்துக்கொள்ளும், அது நிரம்பியதும் மூச்சு வாங்கும். நமக்கு வேண்டியது சிஎம்ஆர், அதாவது டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை. அட்டைப்பெட்டியில் எதுவும் போட்டிருக்காது, மாடல் எண்ணில் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். 2020ல் இது பெரிய சண்டையாகி, அப்புறம்தான் கம்பெனிகள் எந்த மாடல் எந்த வகை என்று வெளியே சொன்னார்கள். எனக்கு இது தெரியும், தெரிந்தும் விலையை மட்டும் பார்த்தேன்!

ஆ, ஒன்று விட்டுவிட்டேன். கழற்றும் முன் சீரியல் எண்ணைப் பாருங்கள். நான் வலமிருந்து எண்ணி, நல்ல டிஸ்க்கின் மேல் கை வைத்துவிட்டேன். நல்ல வேளை, பெட்டி ஆஃபில் இருந்தது, லேபிளின் கடைசி 4 எழுத்து ஒத்துப்போகவில்லை என்று அப்படியே உள்ளே தள்ளினேன். இப்போது இரண்டு டிரேயிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி அந்த 4 எழுத்தை எழுதியாகிவிட்டது, இதோ பாருங்கள், என் கையெழுத்தைக் கிண்டல் செய்ய வேண்டாம்.

கடைக்காரர் 500 ரூபாய் பிடித்துக்கொண்டு திரும்ப வாங்கிக்கொண்டார். முதல் கடைக்கே போய் 11,200 கொடுத்தேன், அங்கே இருந்த அண்ணன் ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள்.

இந்த முறை 9 மணி 10 நிமிடத்தில் முடிந்தது. நடுவில் 160 எம்பி 80க்கு இறங்கியதும் மறுபடி பகீர் என்றது, ஆனால் அது சகஜம், தட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் குறையும். பீப் நின்றுவிட்டது. ஃபேன் மட்டும் இன்னும் லாஃப்டில் இருக்கிறது, ஏணியைப் பக்கத்து வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.